ஒற்றைக் கோலின் கணக்கு: 2004-இல் கிரீஸ் வென்றது எப்படி?

கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் சில ஆட்டங்களிலேயே ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆட்டம் முழுவதும் பந்தைத் தன் வசமே வைத்திருந்த அணி, எதிரணியைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கோலை நோக்கி உதைத்த அணி, கடைசியில் எப்படித் தோற்றுப்போகிறது? கபடியில் இப்படி நடப்பது அரிது. நாற்பது நிமிடத்தில் இரு தரப்புக்கும் சேர்த்து அறுபது, எழுபது புள்ளிகள் விழும்போது, எந்த அணி வலுவானது என்பது தானாகவே வெளிப்பட்டுவிடும். கால்பந்தில் தொண்ணூறு நிமிடம் ஓடியும் ஒரே ஒரு கோல்தான் விழுந்தது என்பது சாதாரணச் செய்தி. அந்த ஒரு கோலை யார் போட்டார்களோ அவர்களே வென்றவர்கள். மற்ற எண்பத்தொன்பது நிமிடங்களில் யார் நன்றாக ஆடினார்கள் என்பது கணக்கில் வராது.

நம் விளையாட்டுப் பக்கங்களில் இப்படி வெல்லும் அணியைக் 'கத்துக்குட்டி அணி' என்று எழுதுவது வழக்கம். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. வலுவில் குறைந்த அணி என்பது வேறு, ஆட்டம் தெரியாத அணி என்பது வேறு. தன் வலு குறைவு என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டு, அதற்கேற்ப ஆட்டத்தின் அமைப்பையே மாற்றிவிடுகிற அணி, உண்மையில் ஆட்டத்தை மிக நன்றாகக் கற்ற அணி. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, 2004 ஜூலை 4 அன்று லிஸ்பன் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. அதில் போட்டியை நடத்திய போர்ச்சுகலை, அதன் சொந்த மண்ணிலேயே, கிரீஸ் 1-0 என்று வென்றது.

அந்த வெற்றியைப் புரிந்துகொள்ள, முதலில் சிறிய கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். ஒரு பையில் 65 கறுப்புக் கோலிக்குண்டுகளும் 35 வெள்ளைக் கோலிக்குண்டுகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் பைக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். கறுப்பு வந்தால் வலுவான அணிக்கு ஒரு கோல், வெள்ளை வந்தால் வலுக்குறைந்த அணிக்கு ஒரு கோல். ஒரே ஒரு முறை எடுத்து அதோடு ஆட்டம் முடிந்துவிடும் என்றால், வெள்ளை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 35. மூன்று முறை எடுத்து, அதிகம் வந்த நிறமே வென்றது என்று வைத்தால் அது 28 ஆகக் குறைகிறது. ஐந்து முறை என்றால் ஏறத்தாழ 23. கபடியையும் மிஞ்சி 101 முறை எடுத்தால், ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு அந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. பைக்குள் இருக்கும் குண்டுகளில் எந்த மாற்றமும் இல்லை. எத்தனை முறை கையை விடுகிறோம் என்பது மட்டுமே மாறியது.

உண்மையான ஆட்டம் இவ்வளவு எளிமையானது அல்ல. சமநிலையில் முடியும் ஆட்டங்கள் உண்டு, ஒரு கோல் விழுந்ததும் இரு அணிகளின் மனநிலையும் மாறிவிடும், பந்து மழையில் வழுக்கும். இருந்தாலும் இந்தக் கணக்கின் சாரம் மைதானத்திலும் பொருந்துகிறது. வலுக்குறைந்த அணிக்கு முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பைக்குள் கைவிடும் எண்ணிக்கையைக் குறைப்பது, அதாவது இரு பக்கமும் கோல் வாய்ப்புகளே அதிகம் உருவாகாத ஆட்டமாக அதை மாற்றுவது. மற்றொன்று, கிடைக்கும் சில நொடிகளில் மட்டுமாவது பைக்குள் வெள்ளைக் குண்டுகள் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. கிரீஸ் இந்த இரண்டையும் மூன்று வாரங்களுக்கு விடாமல் செய்தது.

அந்த அணி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் அதன் உழைப்பு விளங்கும். 2004-க்கு முன்பு கிரீஸ் இரண்டே பெரிய போட்டிகளில் ஆடியிருந்தது. 1980 ஐரோப்பியக் கோப்பையில் இரண்டு தோல்வி, மேற்கு ஜெர்மனியுடன் கோலின்றி ஒரு சமநிலை. 1994 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. வாங்கிய கோல்கள் 10, போட்டது ஒன்றுகூட இல்லை. ஆக, பெரிய போட்டி ஒன்றில் ஓர் ஆட்டத்தைக்கூட வென்றிராத நாடு அது.

2001 ஆகஸ்டில் ஓட்டோ ரேஹாகல் என்ற ஜெர்மானியர் அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அறுபதைக் கடந்தவர். தன் நாட்டில் கைசர்ஸ்லாட்டர்ன் என்ற கிளப்பை, இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த அதே பருவத்திலேயே, 1998-இல் முதல் பிரிவின் சாம்பியன் ஆக்கியவர். அதாவது வலுக்குறைந்த அணியை வெல்ல வைப்பது அவருக்குப் புதிய வேலை அல்ல. ஆனாலும் கிரீஸுடன் அவர் சந்தித்த முதல் ஆட்டம் ஃபின்லாந்திடம் 5-1 என்ற தோல்வி. 2004 கோப்பைக்கான தகுதிச் சுற்றிலும் முதல் இரண்டு ஆட்டங்களில் ஸ்பெயினிடமும் உக்ரைனிடமும் 2-0 என்று தோற்றார்கள். அதன் பிறகுதான் திருப்பம் வந்தது. மீதமிருந்த ஆறு ஆட்டங்களையும் வென்று, ஸ்பெயினுக்கு மேலே முதலிடத்தில் முடித்தார்கள். அந்த எட்டு ஆட்டங்களில் அவர்கள் போட்ட மொத்தக் கோல்களும் எட்டுதான். வாங்கியது நான்கு, அந்த நான்கும் முதல் இரண்டு ஆட்டங்களில் விழுந்தவை. போட்டிக்கு முன்பே இந்த எண்களைக் கூர்ந்து பார்த்திருந்தால், வரப்போவதன் சாயல் தெரிந்திருக்கும்.

இனி முறைக்கு வருவோம். ஒரு டிஃபெண்டர் தன் வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். முதலாவது, மைதானத்தில் தனக்கென ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, அங்கே யார் வந்தாலும் தடுப்பது. பந்தியில் ஆளுக்கு ஒரு வரிசையைக் கவனித்துக்கொள்வது போன்றது இது; அந்த வரிசையில் யார் உட்கார்ந்தாலும் பரிமாறுவது அவர் பொறுப்பு. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட எதிரணி வீரரைப் பிடித்துக்கொண்டு, அவர் எங்கே போனாலும் கூடவே போவது. மாப்பிள்ளைத் தோழன் மாப்பிள்ளையை விட்டு அகலாததைப் போல. முதலாவதைப் பகுதித் தடுப்பு என்றும், இரண்டாவதை ஆள் பிடித்து ஆடுவது என்றும் சொல்லலாம். நம் மைதானங்களில் இதை 'மேன் மார்க்கிங்' என்பார்கள். 2004 வாக்கில் பெரிய அணிகள் பெரும்பாலும் முதல் முறைக்கு மாறிவிட்டிருந்தன. ஆள் பிடித்து ஆடுவது பழங்காலத்து முறை, திறமையான வீரர் ஒரு திரும்பலில் தப்பிவிடுவார், பின்னால் பெரிய ஓட்டை விழும் என்பது பொதுவான கருத்து.

ரேஹாகல் அந்தப் பழைய முறையையே எடுத்தார். ஓட்டை விழும் என்ற குறைக்கு அவர் வைத்த மருந்தும் பழையதுதான். ஆள் பிடிப்பவர்களுக்குப் பின்னால், யாரையும் பிடிக்காமல், தப்பி வருபவரைத் தடுப்பதற்கென்றே ட்ரையானோஸ் டெல்லாஸ் என்ற நெடிய வீரரை நிறுத்தினார். அவருக்கு முன்னால் செய்தாரிடிஸும் காப்சிஸும் எதிரணியின் முன்கள வீரர்களை ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்வார்கள். நடுக்களத்தில் காட்சுரானிஸ், பசினாஸ், அணித்தலைவர் ஸாகோராகிஸ் ஆகியோர் ஓய்வில்லாமல் ஓடி, பந்து முன்னால் போகும் வழியை அடைப்பார்கள். பிரான்ஸுக்கு எதிராக தியெரி ஆன்ரியைப் பிடிக்கும் பொறுப்பு செய்தாரிடிஸுடையது. அந்த நாட்களில் உலகிலேயே தடுக்கக் கடினமான முன்கள வீரர்களில் ஒருவரான ஆன்ரி, அந்த ஆட்டத்தில் ஒரு கோலும் போடவில்லை.

இந்த முறை ஏன் பலித்தது என்பதைப் பற்றி என் கருத்து இது. பெரிய அணிகளின் வீரர்கள், இரு டிஃபெண்டர்களின் பகுதிகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தைத் தேடிப் போய் நின்று பந்தை வாங்குவதற்கே ஆண்டுக்கணக்கில் பழகியிருந்தார்கள். கிரீஸுக்கு எதிராக அப்படிப் போய் நின்றால், வெற்றிடத்துக்குப் பதில் கழுத்துக்குப் பின்னால் ஒருவரின் மூச்சுக் காற்றுதான் இருந்தது. பழகிய வழி அடைபட்டதும், அவர்கள் தொலைவிலிருந்து உதைக்கவும் பக்கவாட்டிலிருந்து உயரமாகப் பந்தைத் தூக்கிப் போடவும் தள்ளப்பட்டார்கள். அந்த உயரப் பந்துகள் டெல்லாஸுக்கும் அவர் தோழர்களுக்கும் மிக வசதியானவை.

போட்டி 2004 ஜூன் 12 அன்று போர்ட்டோ நகரில் தொடங்கியது. முதல் ஆட்டமே கிரீஸுக்கும் போர்ச்சுகலுக்கும். ஏழாவது நிமிடத்தில் காரகூனிஸ், இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பெனால்டியில் பசினாஸ் என இரண்டு கோல். பத்தொன்பது வயது கிறிஸ்டியானோ ரொனால்டோ கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டும் 2-1 என்று கிரீஸ் வென்றது. பெரிய போட்டியில் அந்த நாட்டின் முதல் வெற்றி அது. அடுத்து ஸ்பெயினுடன் 1-1. மூன்றாவதாக, ஏற்கெனவே வெளியேறிவிட்ட ரஷ்யாவிடம் 2-1 என்று தோல்வி.

அதிர்ஷ்டத்தின் பங்கை மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது. கிரீஸும் ஸ்பெயினும் நான்கு புள்ளிகளோடு சமமாக நின்றன. இருவருக்கும் இடையிலான ஆட்டமும் சமநிலை, போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்குமான வேறுபாடும் இருவருக்கும் பூஜ்யம். கிரீஸ் நான்கு கோல் போட்டிருந்தது, ஸ்பெயின் இரண்டு; அந்த ஒரு காரணத்தால் கிரீஸ் காலிறுதிக்குப் போனது. ரஷ்யாவிடம் 2-0 என்று பின்தங்கியிருந்தபோது, முதல் பாதி முடியும் தறுவாயில் வ்ரிசாஸ் திருப்பிப் போட்ட அந்த ஒற்றைக் கோல் இல்லாவிட்டால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. எதிர்பாராத வெற்றி எதை எடுத்தாலும் அதற்குள் இப்படி ஒரு மெல்லிய இழை இருக்கும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு முழுவதும் அதிர்ஷ்டம் என்பது தவறு. அப்படி ஓர் இழையே இல்லை என்பதும் தவறு.

காலிறுதியில் எதிரே நடப்புச் சாம்பியன் பிரான்ஸ். 65-ஆவது நிமிடத்தில் ஸாகோராகிஸ் வலப்பக்கத்தில் பிரான்ஸின் டிஃபெண்டர் லிஸராஸுவின் தலைக்கு மேலே பந்தைத் தட்டி, அவரைச் சுற்றி ஓடி, பந்தை உள்ளே தூக்கிப் போட, காரிஸ்தியாஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். 1-0. அரையிறுதியில் செக் குடியரசு; அதுவரை ஆடிய எல்லா ஆட்டங்களையும் வென்றிருந்த, அந்தப் போட்டியிலேயே மிக அழகாக ஆடிய அணி என்று நான் கருதுவது அதைத்தான். அவர்களின் சிறந்த வீரர் பாவெல் நெட்வெட் முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார். தொண்ணூறு நிமிடத்திலும் கோல் விழவில்லை.

அந்தக் காலத்தில் கூடுதல் நேரத்துக்கு 'சில்வர் கோல்' என்றொரு விதி இருந்தது. கூடுதல் நேரத்தின் முதல் பதினைந்து நிமிடம் முடியும்போது எந்த அணி முன்னிலையில் இருக்கிறதோ அதுவே வென்றது. இரண்டாம் பதினைந்து நிமிடம் ஆட வேண்டியதில்லை. சரியாக அந்த முதல் பகுதியின் கடைசி நொடிகளில் சியார்தாஸ் அடித்த மூலை உதையை (கார்னர் கிக்) டெல்லாஸ் தலையால் உள்ளே தள்ளினார். எதிரணிக்குத் திருப்பிப் போட நேரமே மிஞ்சவில்லை. அந்த விதி அதோடு நீக்கப்பட்டுவிட்டது.

இங்கேதான் நம் பையின் இரண்டாவது வேலை வருகிறது. மூலை உதை, ஃப்ரீ கிக் போன்ற தருணங்களில் ஆட்டம் நின்று, பந்து அசையாமல் இருக்கிறது. அப்போது ஓட்ட வேகமும் பந்தைக் கையாளும் நளினமும் பெரிதாக உதவாது. உயரம், தாவும் நேரம், ஒத்திகை பார்த்த ஓட்டம், பந்தைச் சரியான இடத்தில் இறக்கும் ஒரு கால் ஆகியவையே உதவும். இரு அணிகளுக்கும் இடையிலான திறமை வேறுபாடு மிகக் குறுகிவிடும் நொடிகள் அவை. மற்ற நேரங்களில் 65-க்கு 35 என்று இருக்கும் பை, அந்த நொடிகளில் ஏறத்தாழ சரிபாதியாகிறது. நாக்அவுட் சுற்றில் கிரீஸ் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் முடிவு 1-0. மூன்று கோல்களும் தலையால் போடப்பட்டவை, அவற்றில் இரண்டு மூலை உதையிலிருந்து வந்தவை.

இறுதிப் போட்டிக்கு வந்த போர்ச்சுகல் எளிய எதிரணி அல்ல. ஃபிகோவும் ரூயி கோஸ்டாவும் 1991-இல் இதே லிஸ்பனில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற தலைமுறையினர். டெகோ, கார்வால்யோ, மனிஷ், கோஸ்டினா ஆகியோர் சில வாரங்களுக்கு முன்புதான் போர்ட்டோ கிளப்புக்காகச் சாம்பியன்ஸ் லீக்கை வென்றிருந்தார்கள். பயிற்சியாளர் ஸ்கோலாரி 2002-இல் பிரேசிலுக்கு உலகக் கோப்பையை வென்று தந்தவர். லூஸ் மைதானத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். கிரீஸுக்கோ, முதல் ஆட்டத்தில் கோல் போட்ட காரகூனிஸ் மஞ்சள் அட்டைகளால் இறுதி ஆட்டத்தில் ஆட முடியாத நிலை.

முதல் பாதியில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதுதான் கிரீஸின் வேலை. 57-ஆவது நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. அந்த ஆட்டம் முழுவதிலும் கிரீஸுக்குக் கிடைத்த ஒரே மூலை உதை அது. போர்ச்சுகலுக்குக் கிடைத்தவை பத்து. பசினாஸ் பந்தை மூலையில் வைத்து, கோலுக்கு மிக நெருங்கிய பகுதிக்கு உயரமாக வளைத்து அனுப்பினார். கோல்கீப்பர் ரிக்கார்டோ, பத்து நாட்களுக்கு முன்பு இங்கிலாந்துக்கு எதிரான பெனால்டி மோதலில் கையுறைகளைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பந்தைத் தடுத்தவர், கோல் கோட்டிலிருந்து முன்னே வந்தார். பந்து அவர் கைக்கு எட்டும் முன்பே, ஓடி வந்து எழும்பிய காரிஸ்தியாஸ், தன்னை மறித்தவர்களுக்கு மேலாகத் தலையைக் கொண்டுபோய், பந்தைக் கீழ்நோக்கி முட்டினார். வலை அசைந்தது. அரங்கின் ஒரு மூலையிலிருந்த நீலச் சட்டைக்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் அமைதியானார்கள்.

மீதமிருந்த முப்பத்து மூன்று நிமிடங்களை, இந்தக் கருத்தைக் கற்க விரும்பும் எவரும் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பேன். முன்னிலை பெற்ற வலுக்குறைந்த அணிக்கு இப்போது காலமே துணை. பின்தங்கிய அணியோ ஆட்களை முன்னால் அனுப்பியே ஆக வேண்டும். ஸ்கோலாரி அறுபதாவது நிமிடத்தில் தடுப்பு வேலை செய்யும் கோஸ்டினாவை எடுத்துவிட்டு ரூயி கோஸ்டாவை இறக்கினார்; பிறகு பவுலேட்டாவுக்குப் பதிலாக நூனோ கோமஸ் வந்தார். தாக்குபவர்கள் கூடக்கூட, கோலுக்கு முன்னால் நெரிசலும் கூடியது. ஒருமுறை ரொனால்டோ கிரீஸின் கோல்கீப்பர் நிகோபோலிடிஸுக்கு நேரெதிரே வந்தும் பந்தைக் கம்பத்துக்கு மேலே உதைத்துவிட்டார். கடைசி நிமிடங்களில் ஃபிகோ திரும்பி உதைத்த பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போனது. பைக்குள் போர்ச்சுகல் பல முறை கைவிட்டுப் பார்த்தது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் எடுத்த வாய்ப்பு தொலைவிலிருந்தோ, நெரிசலுக்குள்ளிருந்தோ, அவசரத்திலோ வந்த வாய்ப்பு. நல்ல வாய்ப்புகளின் எண்ணிக்கையைத்தான் கிரீஸ் குறைத்தது.

அந்த ஆண்டு கிரீஸைப் பலர் வைதார்கள். அழகில்லாத ஆட்டம், ஆட்டத்தையே கொல்லும் ஆட்டம் என்றார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரு மனிதரைத் தொண்ணூறு நிமிடம் ஒரு கணமும் கவனம் சிதறாமல் பின்தொடர்வது, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உடலைவிட மனத்தைக் களைக்க வைக்கும் வேலை. அணித்தலைவர் ஸாகோராகிஸுக்கு அப்போது வயது 32, கோல்கீப்பர் நிகோபோலிடிஸுக்கு 33. போட்டியின் சிறந்த வீரர் விருது ஸாகோராகிஸுக்குக் கிடைத்தது நியாயமான தீர்ப்பு.

இந்த முறைக்கு உத்தரவாதம் கிடையாது என்பதையும் அதே அணியே காட்டியது. 2006 உலகக் கோப்பைக்கு கிரீஸ் தகுதி பெறவில்லை. 2008 ஐரோப்பியக் கோப்பையில், அதே ரேஹாகலின் கீழ், மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. நம் கோலிக்குண்டுக் கணக்கின்படியே, ஓர் ஆட்டத்துக்கு 35 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலும், அடுத்தடுத்து மூன்று நாக்அவுட் ஆட்டங்களை வெல்லும் வாய்ப்பு நூற்றில் நான்குக்குச் சற்று மேல்தான். ஒவ்வொன்றும் ஐந்து கோல் விழும் ஆட்டமாக இருந்திருந்தால் அது நூற்றில் ஒன்றுக்கு அருகே இறங்கியிருக்கும். ஒன்றை நான்காக்குவதுதான் ரேஹாகல் செய்த வேலை. மீதியை அந்த மூன்று வாரங்கள் கொடுத்தன.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவே நின்று அழுத ரொனால்டோவின் முகம் பலருக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016-இல், போர்ச்சுகல் மறுபடியும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிக்கு வந்தது. குழுச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் சமநிலையில் முடித்து, இறுதிக்கு முன்பு ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தொண்ணூறு நிமிடத்துக்குள் வென்றிருந்தது. இம்முறை போட்டியை நடத்திய நாடு பிரான்ஸ்; சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னால் ஆடியது அவர்கள். 25-ஆவது நிமிடத்தில் ரொனால்டோ காயத்தோடு தூக்குப் படுக்கையில் வெளியேறினார். போர்ச்சுகல் பின்னால் நெருங்கி நின்று தடுத்தது, காலத்தைக் கடத்தியது, வாய்ப்புகளைக் குறைத்தது. கூடுதல் நேரத்தில், 109-ஆவது நிமிடத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்த எடெர் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் போனது. முடிவு 1-0.